மடிக்கணினிக்கு ஒரு சுமைச் சோதனை

மின்தூக்கி ஆய்வு வாரியத்தின் தலைமையகத்தில் லிஃப்ட் ஓடாது. இதை யாரும் குறையாக எடுத்துக்கொண்டதில்லை. அது சோதனையில் தேறிய லிஃப்ட். தேறியதற்கான சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, கதவுக்குப் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறார்கள். லிஃப்ட் ஓடுகிறதா என்று கேட்கும் கட்டம் அந்தச் சான்றிதழில் இல்லை, அவ்வளவுதான். ஊரிலுள்ள லிஃப்டுகளுக்கெல்லாம் தகுதி வழங்கும் அதிகாரிகள் தினமும் ஐந்து மாடி மூச்சிரைக்க ஏறிப்போய், நாற்காலியில் விழுந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுவார்கள்.

அந்த வாரியத்தில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கும் மெக்கானிக் ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கதை. மோட்டார் அறைக்கு வெளியே நின்றபடியே உள்ளே எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது என்று சொல்லக்கூடிய காது அவருக்கு. வாய் மட்டும் அந்த அளவுக்குப் போதாது. மேலதிகாரி "என்ன?" என்று கேட்டால், தும்மல் வந்திருந்தாலும் விழுங்கிவிட்டு "ஒண்ணுமில்ல சார்" என்பார்.

அவருக்கு ஒரே மகள். பள்ளிப் படிப்பை முடித்துக் கட்டடக்கலைக் கல்லூரியில் இடம் வாங்கிவிட்டாள். வீட்டிலிருந்த பழைய கணினியில் அவள் இரண்டு வேலை பார்ப்பாள். ஒன்று, படம் வரைவது. இன்னொன்று, நாலு தோழிகளோடு சேர்ந்து இணையத்தில் கோட்டை பிடிக்கும் ஆட்டம். அணிக்கு அவள்தான் தலைவி. ஆனால் ஆட்டம் சூடு பிடிக்கும் நேரம் பார்த்துக் கணினி உறைந்துவிடும், இவளுடைய வீராங்கனை வாளைத் தூக்கியபடி அப்படியே நிற்பாள். அதனால் தோழிகள் இவளுக்கு வைத்த பெயர் சிலை. சிலையாக நின்றுகொண்டே, யார் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று வாயாலேயே சொல்லி மூன்று கோட்டை ஜெயித்துக் கொடுத்திருக்கிறாள். மெக்கானிக் அவள் முதுகுக்குப் பின்னால் சட்டையை மடிக்கிற மாதிரி நின்று எல்லாவற்றையும் பார்ப்பார். பெருமையாக இருக்கும். அதை வெளியே சொன்னதில்லை.

இந்தச் சமயத்தில்தான் வாரியம் ஒரு திட்டம் அறிவித்தது. கல்லூரி போகும் பணியாளர் பிள்ளைகளுக்கு வாரியமே மடிக்கணினி வாங்கிக் கொடுக்கும். குறிப்பிட்ட விலைக்குள் எது வேண்டுமென்று பிள்ளையே தேர்ந்தெடுக்கலாம். வாரியம் வாங்கி, சோதித்து, ஒப்படைக்கும். "சோதித்து" என்ற அந்தச் சின்ன வார்த்தையை மெக்கானிக் சரியாகப் படிக்கவில்லை. சந்தோஷத்தில் இருக்கிறவன் சின்ன எழுத்தையெல்லாம் எங்கே படிக்கிறான்?

மகள் ஒரு மாதம் ஒரு நோட்டுப் புத்தகமும் கையுமாக அலைந்தாள். பதினொரு மாடல்களை எழுதி, ஒவ்வொன்றாக அடித்தாள்.

"இது ரொம்ப மலிவுப்பா, ஆனா கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. வீடு மாதிரி வரைஞ்சா பரவால்ல, பாலம் வரைஞ்சா திணறும்."

"சரி, அடி."

"இதுல கார்டு சூப்பர். ஆனா ரெண்டரை கிலோ. கல்லூரிக்குத் தினம் சுமந்துட்டுப் போனா தோள் போயிடும்."

"அதையும் அடி."

"இது எல்லாத்தையும் விட விலை கம்மி. ஆனா நினைவகத்தைக் கூட்டவே முடியாது. ரெண்டு வருஷத்துல இன்னொண்ணு வாங்கணும். அது எப்படிப்பா லாபம்?"

கடைசியில் இரண்டு மிஞ்சின. இருவரும் கடைக்குப் போனார்கள். விற்பனைப் பெண் இரண்டிலும் ஒரு கனமான ஆட்டத்தைப் போட்டு ஓடவிட்டாள். மெக்கானிக் குனிந்து, முதல் மடிக்கணினியின் அடியில் உள்ளங்கையை வைத்தார். காதைக் கிட்டே கொண்டுபோனார். பிறகு இரண்டாவது. கடையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"முதல்ல இருக்கறது ஃபேன் கத்துது கண்ணு. சூடு வெளிய போக வழியில்ல, உள்ளயே சுத்துது. இது சத்தமே இல்லாம இழுக்குது பாரு. இது நாலு வருஷம் ஓடும்."

மகள் நோட்டில் ஒன்றை அடித்தாள். மிச்சமிருந்ததைச் சுற்றி வட்டம் போட்டாள். "எங்க அப்பா காதுதான் பெஸ்ட்" என்று விற்பனைப் பெண்ணிடம் சொன்னாள். வீடு வரும்வரை மெக்கானிக்கின் கால் தரையில் படவில்லை.

விண்ணப்பத்தில் "பயன்பாட்டின் நோக்கம்" என்ற இடத்தில் மகள் "படிப்பு, விளையாட்டு" என்று தெளிவாக எழுதினாள். அதற்காகவே இருவரையும் ஐந்தாம் மாடிக்கு வரச் சொல்லி ஓலை வந்தது.

ஐந்தாம் மாடியில் மூன்று பேர் கொண்ட குழு. நடுவில் தலைவர். வலது பக்கம் சோதனை அதிகாரி. விதிப்புத்தகத்தைக் கைக்குழந்தை மாதிரி எப்போதும் இடுப்பில் இடுக்கிக்கொண்டிருப்பதால் அவருக்குப் புத்தகக்காரர் என்று பெயர். இடது பக்கம் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளும் பதிவாளர் அம்மா. சுவரில் ஒரு கடிகாரம். அதன் கீழே பித்தளைத் தகடு: "அதிகபட்சம் நால்வர்." போன வருஷம் வாங்கிய கடிகாரம் அது, முறைப்படி சோதித்துத் தகடு அடித்திருந்தார்கள்.

தலைவர் மேஜைக்குக் கீழே கைபேசியைப் பிடித்து, ஒரே நிறப் பந்துகளை வரிசையாக வெடித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே கேட்டார். "பொண்ணு விளையாடுமா?"

"இல்ல சார்" என்றார் மெக்கானிக். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

"விளையாடுவேன் சார்" என்றாள் மகள்.

பதிவாளர் அம்மாவின் பேனா நின்றது. தலைவர் நிமிர்ந்தார்.

"பாரும்மா. இந்த வாரியம் படிப்புக்குத்தான் கொடுக்குது. விளையாட்டு இளைஞர்களோட நேரத்தைத் தின்னுடும். நான் இப்ப வெச்சிருக்கறது விளையாட்டு இல்ல, மூளைக்குப் பயிற்சி. அலுவலக நேரத்துல மட்டும்தான் பண்ணுவேன், வீட்டுக்குப் போனா தொடவே மாட்டேன். மூணு வருஷமா எந்தக் கோப்பும் என்னால தாமதமானதில்ல, ஏன்னா நான் எதையும் பிரிச்சதில்ல. ஒழுக்கம்னா அது." பிறகு மெக்கானிக்கிடம் திரும்பினார். "ரெண்டு பேரும் ரெண்டு விதமா சொல்றீங்க. எதைப் பதிவு பண்றது?"

மெக்கானிக் மகளைப் பார்க்கவில்லை. "சின்னப் பொண்ணு சார். தெரியாம உளறுது. அது விளையாடவே விளையாடாது."

விண்ணப்பத்தை அவரிடமே நீட்டினார்கள். மகளுடைய அழகான கையெழுத்தில் இருந்த "விளையாட்டு" என்ற வார்த்தையை அவரே அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார். படி இறங்கும்போது மகள் இரண்டு படி முன்னாலேயே போனாள். மூன்றாம் மாடியில் அவரே ஆரம்பித்தார்.

"காரியம் ஆகணும்ல கண்ணு."

"உளறுதுன்னு சொன்னீங்களேப்பா" என்றாள் அவள். மெக்கானிக்குக் காது மடல் சுட்டது.

அடுத்த வாரம் மடிக்கணினி பெட்டியோடு வந்து சேர்ந்தது. கூடவே சோதனை உத்தரவும் வந்தது. வாரியம் வாங்கும் எந்த இயந்திரத்தையும் வாரியத்தின் சோதனை விதிகளின்படி சோதிக்க வேண்டும். வாரியத்திடம் இருப்பதோ ஒரே ஒரு விதிப்புத்தகம். அது லிஃப்டுக்கானது. சோதனை நடத்தத் தகுதி பெற்ற மெக்கானிக் தலைமையகத்தில் ஒரே ஒருவர். அது யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

"ஒரு ஆளுக்கு அறுபத்தெட்டு கிலோ" என்று புத்தகக்காரர் வாசித்தார். "கால் பங்கு கூட்டி வெச்சுப் பாக்கணும். ஆக எண்பத்தஞ்சு கிலோ. பத்து நிமிஷம்."

"சார், லேப்டாப்புல யாரும் ஏற மாட்டாங்க. விரல் மட்டும்தான் சார் படும்."

புத்தகக்காரர் நியாயமான மனிதர். யோசித்துப் பார்த்தார். "விரல் தனியா வருமா?"

"வராது சார்."

"கை இல்லாம விரல் வராது. தோள் இல்லாம கை வராது. தோள் வந்தா ஆளே வந்த மாதிரிதான். எங்க நிறுத்தச் சொல்றீங்க?"

இதை முடிவு செய்ய ஒரு துணைக்குழு அமைத்தார்கள். துணைக்குழு மூன்று நாள் கூடியது. மேஜையில் ஊன்றுவது முழங்கை என்பதால், முழங்கையோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று தீர்மானித்தது. இரண்டு முழங்கைக்கும் சேர்த்து, கால் பங்கும் கூட்டினால் ஐந்து கிலோ. மெக்கானிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆனால் கிடங்கில் இருப்பது இருபத்தைந்து கிலோ மணல் மூட்டைகள்தான். மூட்டையைப் பிரிக்கக் கிடங்கு விதியில் இடமில்லை. ஆகவே இருபத்தைந்து.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையாகச் சொன்னார். "பேசிப் பேசி அறுபது கிலோ குறைச்சிட்டேன்."

மனைவி ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க நின்ற காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "பொண்ணு லேப்டாப் மேல மணல் மூட்டையை ஏத்தறேன்னு ஒத்துக்கிட்டு வந்திருக்கீங்க. அதுல சாதனை வேறயா?" என்றாள்.

மெக்கானிக் முட்டாள் இல்லை. மூடிய மடிக்கணினியின் மேல் கனமான பலகை ஒன்றை வைத்து அதன்மேல் மூட்டையை மெதுவாக இறக்கினால், சுமை பரவிவிடும். பத்து நிமிஷம் தாங்கும். மடிக்கணினியின் அளவுக்கே பலகையை அறுத்து, ஓரத்தில் சுற்றிலும் ரப்பர் ஒட்டினார். மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் பலகையைத் தட்டிப் பார்த்தாள். அன்றைக்குத்தான் இத்தனை நாளைக்குப் பிறகு சரியாகப் பேசினாள். "இது போதும்பா. நீங்களே வெக்கறதால எனக்குப் பயமில்ல."

சோதனை நாளில் "பயணி" என்ற முறையில் மகளும் இருக்க வேண்டும் என்றார்கள். கல்லூரி திறக்க இன்னும் நாலு நாள். கூட்ட அறையில் மடிக்கணினி மேஜை நடுவே மின்னிக்கொண்டிருந்தது. தலைவர் எழுந்து பேசினார்.

"முப்பத்தாறு வருஷத்துல நம்ம சோதனையில ஒரு லிஃப்ட் கூடத் தோத்ததில்ல. அதுலேர்ந்தே நம்ம சோதனை எவ்வளவு தரமானதுன்னு தெரியலையா? வெளிய சில பேர், சோதிச்ச லிஃப்ட் ஏன் நின்னு போகுதுன்னு கேக்கறாங்க. நின்னது லிஃப்டோட தப்பு. சோதனை நிக்கவே இல்லையே."

பதிவாளர் அம்மா கை தட்டிவிட்டு, தட்டியதையும் எழுதிக்கொண்டார்.

மெக்கானிக் மூடிய மடிக்கணினியின் மேல் பலகையை வைத்தார். புத்தகக்காரர் விரலைத் தூக்கினார்.

"என்னது அது?"

"சுமை பரவறதுக்கு சார்."

"பலகைக்கு விதியில இடமில்ல. அதை விடுங்க, நீங்க லிஃப்டுக்கு மேலயா சுமை வெப்பீங்க?"

மெக்கானிக்குப் புரியவில்லை.

"இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் உங்களுக்கு. சுமையை எங்க வெக்கணும்?"

"உள்ள சார்" என்றார் மெக்கானிக். சொன்ன பிறகுதான் அவருக்குப் புரிந்தது.

"திறங்க. உள்ள வைங்க. கதவை மூடுங்க."

மகள் முன்னால் வந்தாள். "அப்பா, வேண்டாம்பா. எனக்கு லேப்டாப்பே வேண்டாம். நாம போயிடலாம்."

அறையில் யாரும் அவரை மிரட்டவில்லை. இதை இங்கே சொல்லியாக வேண்டும். வேலை போய்விடும் என்று ஒருவரும் சொல்லவில்லை. தலைவர் பந்து வெடித்துக்கொண்டிருந்தார். பதிவாளர் அம்மா பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார். "முடியாது சார்" என்று சொல்லியிருந்தால், அதிகபட்சம் இன்னொரு துணைக்குழு கூடியிருக்கும். அந்த இரண்டு வார்த்தை மெக்கானிக்கின் தொண்டைவரை வந்தது. வந்து, தும்மல் போன வழியிலேயே போய்விட்டது.

"சும்மா இரும்மா" என்றார் மகளிடம்.

மடிக்கணினியைத் திறந்தார். புதுத் திரையில் அவர் முகம் தெரிந்தது. மூட்டையைக் கட்டிலில் குழந்தையைப் போடுவதுபோல விசைகளின்மேல் இறக்கினார். சில விசைகள் முனகின. திரையைச் சாய்த்து மூட்டையின் மேல் பட்டும் படாமலும் நிறுத்தினார்.

"முழுசா மூடலையே" என்றார் புத்தகக்காரர். "கதவு மூடாம லிஃப்ட் நகருமா? உங்களுக்கு நான் சொல்லணுமா?"

மெக்கானிக் இரண்டு கையையும் திரையின் முதுகில் வைத்து அழுத்தினார். இன்னும் கொஞ்சம் என்றார்கள். இன்னும் கொஞ்சம் அழுத்தினார். அவருடைய காதுக்கு அந்தச் சத்தத்தைப் பற்றி எந்தச் சந்தேகமும் இல்லை. முதலில் கண்ணாடி, அடுத்தது இடது கீல்.

"சத்தம், இரண்டு" என்று எழுதினார் பதிவாளர் அம்மா.

"மூணு வரைக்கும் அனுமதி உண்டு" என்றார் புத்தகக்காரர்.

பத்து நிமிஷம் கழித்து மூட்டையை எடுத்தார்கள். திரையில் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைவரை விரிசல் ஓடி, நடுவில் கறுப்பாக மை கொட்டினாற்போல இருந்தது. புத்தகக்காரர் அதைத் திறந்து மூடினார், திறந்து மூடினார். விதிப்படி கடைசிக் கேள்வி ஒன்றே ஒன்றுதான். கதவு திறந்து மூடுகிறதா? மூடியது, கொஞ்சம் கோணலாக.

"தேறியது" என்றார் தலைவர். மகளிடம் கை நீட்டினார். "வாழ்த்துக்கள்மா. இனிமே இதுக்கு எதுவும் ஆகாது, சோதிச்சாச்சு."

திரையின் முதுகில் "அதிகபட்சம் ஒருவர்" என்ற பித்தளைத் தகட்டை நாலு திருகு போட்டு முடுக்கினார் மெக்கானிக். சான்றிதழில் "சோதனை நடத்தியவர்" என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டார். பழக்கத்தில் அதன் கீழே ஒரு கோடும் இழுத்தார். நிமிர்ந்தபோது மகள் அந்தக் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேருந்தில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, மடிக்கணினியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஏதாவது திட்டினால் நன்றாக இருக்கும் என்று மெக்கானிக் காத்திருந்தார். திட்டவில்லை. "டிக்கெட் எடுத்துட்டீங்களாப்பா?" என்று கேட்டாள். எடுத்துவிட்டதாகச் சொன்னார்.

வீட்டில் மனைவி அதைத் திறந்து பார்த்துவிட்டு அவரையும் பார்த்தாள். "நீங்களா மூடினீங்க?" என்று மட்டும் கேட்டாள். அவர் தலையாட்டினார். அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். தகுதிச் சான்றிதழை எங்கே வைப்பது என்று தெரியாமல் மெக்கானிக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அவமானத்துக்கு ஒரு சட்டம் போட்டு மாட்ட வேண்டுமென்றால் அவர் வாரியத்திடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

மகள் சும்மா உட்காரவில்லை. கூடத்திலிருந்த தொலைக்காட்சிக்குப் பின்னால் கையை விட்டு மடிக்கணினியின் கம்பியைச் சொருகினாள். பழைய கணினியின் விசைப்பலகையைக் கொண்டுவந்து மாட்டினாள். மடிக்கணினியின் திரை செத்துப்போயிருந்தாலும் உள்ளே உயிர் இருந்தது. தொலைக்காட்சி சிமிட்டி, நீலமாகி, படம் வந்தது. வீட்டில் இருக்கும்வரை இப்படி ஓட்டலாம். கல்லூரிக்குத் தொலைக்காட்சியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. திங்கட்கிழமை வகுப்பில் எல்லாரும் திறக்கும்போது இவள் எதைத் திறப்பாள்? மெக்கானிக் கதவுக்கு வெளியே, தண்ணீர் டம்ளரோடு நின்றார். உள்ளே போகக் கால் வரவில்லை.

ஆட்டம் ஆரம்பித்தது. தொலைக்காட்சியின் ஒலிபெருக்கியில் தோழிகளின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"ஏய் சிலை, என்னடி இந்த ஓட்டம் ஓடறே? புதுசு வந்துடுச்சா?"

"வந்துடுச்சு. வடக்குப் பக்கம் போ, நான் கதவைப் பாத்துக்கறேன்."

"கேமராவை ஆன் பண்ணு, லேப்டாப்பைப் பாக்கறோம்."

"முடியாது. திரை உடைஞ்சிருக்கு."

"ஐயோ. புதுசே உடைஞ்சிருக்கா? எப்படிடி?"

மெக்கானிக் சுவரில் சாய்ந்தார். சொல்லட்டும், என்று நினைத்தார். எங்க அப்பாதான் உடைச்சாருன்னு சொல்லட்டும். அப்படிச் சொல்லிவிட்டால் உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்காரலாம் என்று அவருக்குத் தோன்றியது.

"பஸ்ல கூட்டம்" என்றாள் மகள். "என் கை தவறி விழுந்துடுச்சு. அப்பா பிடிக்கப் பாத்தாரு, பாவம், முடியல."

"அப்பா திட்டினாரா?"

"எங்க அப்பாவா? ஒரு வார்த்தை சொல்லல. நீ வடக்குப் பக்கம் போடி."

உளறல் இல்லாமல், தடுமாற்றம் இல்லாமல் சொன்னாள். நேற்றுவரை அவளுக்கு இது வந்ததில்லை. மெக்கானிக் டம்ளரைக் கீழே வைக்க இடம் தேடினார். கூடத்துக்குள் எட்டிப் பார்த்தபோது அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள், காதில் மாட்டாத ஹெட்ஃபோன் கழுத்தில் தொங்க. "தண்ணியாப்பா? இங்க வெச்சிட்டுப் போங்க" என்றாள். அவர் வைத்துவிட்டுப் போனார்.